கல்லூரி 1500 மீட்டர் இறுதிப் போட்டி: கணிப்புகள் ஏன் பொய்க்கின்றன?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தேசியத் தடகள வெற்றிவீரர் போட்டிகள் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நடைபெறுகின்றன. இவற்றில் ஆடவர் 1500 மீட்டர் ஓட்டத்தின் இறுதிப் போட்டி நான்கு நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். எனினும் அதில் வெல்லப்போவது யார் என்ற விவாதம் வாரக்கணக்கில் நீடிப்பது வழக்கம். அந்தப் பருவத்தில் பதிவான நேரங்கள், பயிற்சியாளர்களின் திட்டங்கள், முந்தைய போட்டிகளின் முடிவுகள் எல்லாம் அலசப்படுகின்றன. ஆயினும் பட்டியலின் உச்சியில் இருப்பவர் தோற்றுப்போவது இப்போட்டியில் வியப்புக்குரிய செய்தியல்ல.

கல்லூரி மாணவர்களின் ஓட்டப் போட்டிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்ற கேள்வி எழலாம். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் 1500 மீட்டர் ஓட்டத்தின் முடிவு அதற்கு விடை தருகிறது. தங்கம் வென்ற அமெரிக்கர் கோல் ஹாக்கர், வெள்ளி வென்ற பிரிட்டனின் ஜோஷ் கெர், வெண்கலம் வென்ற அமெரிக்கர் யாரெட் நுகுசே ஆகிய மூவருமே இந்தக் கல்லூரிப் பட்டத்தை முன்னதாக வென்றவர்கள். கெர் 2017இலும், நுகுசே 2019இலும், ஹாக்கர் 2021இலும் அதனை வென்றனர். உலகின் மிகச் சிறந்த நடுத்தர தூர ஓட்டக்காரர்கள் மேடையேறுவதற்கு முன்னர் கடந்துவரும் வாசல்களில் ஒன்றாக இந்தக் கல்லூரி இறுதிப் போட்டி இருக்கிறது.

அந்த வாசலின் அமைப்பே இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஜூனில் யார் வெல்வார் என்பதோடு, அடுத்த பத்தாண்டுகளில் இப்போட்டியில் ஓடும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும் என்பதும் சேர்த்து ஆராயப்பட வேண்டிய கேள்வியாகியுள்ளது.

நேரப் பட்டியலும் பந்தயமும்

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ நடத்தும் இந்தப் போட்டிகள் 1921ஆம் ஆண்டு சிக்காகோவில் தொடங்கின. இன்றைய முறைப்படி நாடு கிழக்கு, மேற்கு என இரண்டு பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அந்தப் பருவத்தில் பதிவான நேரங்களின் அடிப்படையில் ஒவ்வொரு பிராந்தியத்திலும் 48 பேர் முதற்கட்டப் போட்டிகளுக்குத் தகுதி பெறுகின்றனர். அவர்களில் பிராந்தியத்துக்குப் பன்னிரண்டு பேராக, மொத்தம் 24 பேர் அரையிறுதிக்கு வருகின்றனர். அரையிறுதியிலிருந்து 12 பேர் இறுதிப் போட்டிக்குச் செல்கின்றனர்.

முதற்கட்டத்தில் இடம் பிடிப்பதற்கு வேகமான நேரம் ஒன்று தேவை. ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் வேகமான நேரத்தைப் பதிவு செய்வதற்கென்றே அமைந்த போட்டிகளை ஓட்டக்காரர்கள் நாடிச் செல்கின்றனர். கலிஃபோர்னியாவில் நடைபெறும் பிரையன் கிளே போட்டி அவற்றில் பெயர் பெற்றது. இத்தகைய போட்டிகளில் முதல் இரண்டு சுற்றுகளின் வேகத்தை நிர்ணயித்துக் கொடுப்பதற்கென ஒருவர் முன்னால் ஓடுவார். மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வரிசையாக ஓடி, கடைசியில் தத்தம் பலத்துக்கேற்ப நேரத்தைப் பதிவு செய்வார்கள். வெற்றி தோல்வி அங்கு இரண்டாம் பட்சமே.

ஜூன் மாத இறுதிப் போட்டியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அங்கு வேகத்தை நிர்ணயித்துக் கொடுக்க எவரும் இல்லை. நேரத்துக்குப் பரிசும் இல்லை. முதலிடத்துக்கு 10 புள்ளிகள், இரண்டாமிடத்துக்கு 8, மூன்றாமிடத்துக்கு 6 எனத் தொடங்கி எட்டாமிடத்துக்கு ஒரு புள்ளி வரை பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேரும். முன்னால் ஓடுபவர் காற்றின் தடையை எதிர்கொள்கிறார், பின்னால் வருபவர் தம் சக்தியைச் சேமித்துக்கொள்கிறார். எனவே எவரும் முன்னால் செல்ல விரும்புவதில்லை. பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் கவனித்தபடி மெதுவாக ஓடி, கடைசி 400 மீட்டரில் முழு வேகத்தில் பாய்வது வழக்கமாகிவிட்டது.

இதன் விளைவை எண்களில் காணலாம். அலபாமா பல்கலைக்கழகத்துக்காக ஓடிய கென்யாவின் எலியுட் கிப்சாங், 2022 ஏப்ரலில் 3 நிமிடம் 33.74 விநாடியில் ஓடி அப்போதைய கல்லூரிச் சாதனையை நிகழ்த்தினார். இரண்டு மாதங்கள் கழித்து நடந்த இறுதிப் போட்டியில் வென்றவர் அவரல்லர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோ வாஸ்கம் பட்டத்தை வென்றார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஏறக்குறைய 3 நிமிடம் 45 விநாடி, அதாவது கிப்சாங்கின் சாதனையைவிட சுமார் 12 விநாடி அதிகம். 1500 மீட்டர் ஓட்டத்தில் 12 விநாடி என்பது ஏறத்தாழ 80 மீட்டர் தூரத்துக்குச் சமமாகும்.

நேரப் பட்டியலை மட்டும் வைத்துக் கணித்தவர்கள் இங்குதான் தவறினர். ஒருவர் தனித்து எவ்வளவு வேகமாக ஓட வல்லவர் என்பதை அந்தப் பட்டியல் காட்டுகிறது. பதினொரு போட்டியாளர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு, மெதுவான தொடக்கத்துக்குப் பின்னர் அவர் எவ்வளவு வேகமாகப் பாயக்கூடியவர் என்பதை அது காட்டுவதில்லை. தேர்தலுக்கு முன்னதான கருத்துக் கணிப்புகளுக்கும் இதே வரம்பு உண்டு. வாக்காளர்களின் மனநிலையை அவை ஓரளவு சரியாகவே அளந்தாலும், கூட்டணிகளும் கடைசி நேர நகர்வுகளும் முடிவை வேறிடத்துக்குக் கொண்டுசென்று விடுவதுண்டு.

மூன்று விதமான தோல்விகள்

கடந்த சில ஆண்டுகளின் முடிவுகளை ஆராய்ந்தால், கணிப்புகள் பொய்ப்பதற்கான காரணங்களை மூன்றாக வகைப்படுத்தலாம்.

முதலாவது, வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான மிகச் சிறிய இடைவெளி. 2019ஆம் ஆண்டு டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் நடந்த இறுதிப் போட்டியில், நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் யாரெட் நுகுசே 3 நிமிடம் 41.381 விநாடியில் வென்றார். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் கிப்ரோடிச் 3 நிமிடம் 41.384 விநாடியில் இரண்டாமிடம் பெற்றார். வேறுபாடு ஆயிரத்தில் மூன்று பங்கு விநாடி. கோட்டைக் கடக்கும்போது நெஞ்சை முன்னே தள்ளிய கணம் வேறாக அமைந்திருந்தால் பட்டியலில் வேறு பெயர் இடம்பெற்றிருக்கும். எந்தக் கணிப்பு முறையும் இந்த அளவு நுட்பமாகப் பேச முடியாது.

இரண்டாவது, பந்தயத்தின் வேகம் யாருக்குச் சாதகமாக அமைகிறது என்பது. 2021இல் நுகுசே கல்லூரிச் சாதனையாளராகவே ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகருக்கு வந்தார். அவர் முந்தைய மாதம் 3 நிமிடம் 34.68 விநாடியில் ஓடியிருந்தார். அவரை எதிர்கொண்டவர் உள்ளூர் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் 20 வயது கோல் ஹாக்கர். அந்தப் பந்தயம் வழக்கத்துக்கு மாறாக வேகமாகவே ஓடப்பட்டது. இருந்தபோதிலும் கடைசி நேரப் பாய்ச்சலில் ஹாக்கர் 3 நிமிடம் 35.35 விநாடியில் முந்தினார். நுகுசே கால் விநாடி பின்தங்கினார்.

மூன்றாவது, விபத்தும் நடுவர் தீர்ப்பும். நெருக்கமாக ஓடும் பன்னிரண்டு பேரில் ஒருவர் இடறினால் பலரது வாய்ப்புகள் பறிபோகும். வழிகிடைக்காமல் பிறரைத் தள்ளி முன்னேறுபவர் தகுதி நீக்கம் செய்யப்படலாம். ஒலிம்பிக் வெற்றிவீரராக உயர்ந்த பின்னரும் ஹாக்கர் இந்த ஆபத்திலிருந்து தப்பவில்லை. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் நடந்த உலக வெற்றிவீரர் போட்டிகளில், 1500 மீட்டர் அரையிறுதியில் பிறரை இடித்து முன்னேறியதற்காக அவர் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். சில நாட்களில் அதே அரங்கில் 5000 மீட்டர் ஓட்டத்தில் அவர் தங்கம் வென்றார். இதை முன்கூட்டியே எவராவது கூறியிருந்தால் அதை நம்புபவர் இருந்திருக்க மாட்டார்கள்.

800 மீட்டர்: வேறொரு கணக்கு

இரண்டே சுற்றுகள் கொண்ட 800 மீட்டர் ஓட்டத்தில் தொடக்கத்திலிருந்தே வேகம் அதிகம் என்பதால், அங்கு பதிவு நேரங்கள் ஓரளவு நம்பத்தக்கவை என்ற கருத்து உண்டு. அதற்குச் சான்றுகளும் உள்ளன. கான்சஸ் பல்கலைக்கழகத்தின் பிரைஸ் ஹாப்பல் 2019ஆம் ஆண்டில் தொடர் வெற்றிகளோடு வந்து, உள்ளரங்கப் பட்டத்தையும் வெளியரங்கப் பட்டத்தையும் எதிர்பார்த்தபடியே வென்றார்.

ஆனால் எதிர்ச் சான்றுகளும் குறைவில்லை. எல் பாசோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் சருனி, 2018 ஏப்ரலில் 1 நிமிடம் 43.25 விநாடியில் ஓடிக் கல்லூரிச் சாதனை படைத்தார். அந்த ஆண்டு ஜூன் மாதப் பட்டம் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஐசாயா ஹாரிஸுக்குச் சென்றது.

2016ஆம் ஆண்டின் நிகழ்வு இன்னும் கவனிக்கத்தக்கது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவரான டோனவன் பிரேசியர் 1 நிமிடம் 43.55 விநாடியில் வென்று, ஜிம் ரயன் 1966இல் நிகழ்த்திய அரை நூற்றாண்டுக் காலச் சாதனையை முறியடித்தார். அவர் ஒலிம்பிக்கில் பதக்கம் வெல்வார் என்ற எதிர்பார்ப்பு உடனடியாக எழுந்தது. ஆனால் சில வாரங்களில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின் முதற்சுற்றிலேயே அவர் வெளியேறினார். அந்த ஆண்டு 1500 மீட்டர் கல்லூரிப் பட்டத்தை வென்றிருந்த ஏக்ரன் பல்கலைக்கழகத்தின் கிளேட்டன் மர்பி, ரியோ ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் வெண்கலம் பெற்றார். பிரேசியர் மூன்று ஆண்டுகள் கழித்து, 2019இல் தோஹாவில் உலக வெற்றிவீரரானார். அவரது திறமை பற்றிய கணிப்பு இறுதியில் சரியாகவே அமைந்தது. காலத்தைப் பற்றிய கணிப்பே பிழைத்தது.

எதைக் கணிக்கலாம்?

இவற்றிலிருந்து, எதையுமே கணிக்க முடியாது என்ற முடிவுக்கு வருவதும் தவறாகிவிடும். வென்றவர்களின் பட்டியலை வேறு கோணத்தில் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது.

ஆடவர் 1500 மீட்டர் பட்டத்தை 2022இல் ஜோ வாஸ்கமும், 2023இல் நேதன் கிரீனும், 2024இல் மீண்டும் வாஸ்கமும், 2025இல் மீண்டும் கிரீனும் வென்றனர். இருவருமே வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள். 2022க்கும் 2025க்கும் இடையில் இப்பட்டம் அந்தப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே செல்லவில்லை. அவர்கள் வென்ற பந்தயங்கள் பெரும்பாலும் மெதுவானவை. 2025இல் வென்ற நேரம் 3 நிமிடம் 47 விநாடியைத் தாண்டியது.

இது தற்செயலாக நிகழ்ந்ததன்று என்றே கொள்ள வேண்டும். 2018இல் ஓரிகனிலிருந்து வாஷிங்டனுக்கு வந்த பயிற்சியாளர்கள் ஆண்டி பவல், மொரிக்கா பவல் தம்பதியினர் அங்கு ஆழமான ஓர் அணியை உருவாக்கினர். 2023 பிப்ரவரியில் ஒரே பந்தயத்தில் அந்த அணியைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடங்களுக்குள் ஓடினர். தினசரிப் பயிற்சியிலேயே சமபலம் கொண்ட பலரோடு தோளோடு தோள் உரசி ஓடுபவருக்கு, இறுதிப் போட்டியின் நெருக்கடி புதிதாக இராது. இதற்கு முன்னர் 2010இல் ஓரிகன் பல்கலைக்கழகம் 1500 மீட்டரின் முதல் மூன்று இடங்களையும் கைப்பற்றியதும் இத்தகைய அணிப் பலத்தாலேயே.

ஆக, தனிநபரைக் கணிப்பதைவிட அவரை உருவாக்கும் அமைப்பைக் கணிப்பது எளிது எனலாம். ஒரு தொகுதியில் எந்த வேட்பாளர் வெல்வார் என்று சொல்வது கடினமாக இருந்தாலும், எந்தக் கட்சிக்கு அங்கு வேர் இருக்கிறது என்று சொல்வது இயலக்கூடியதே.

பந்தயம் தொடங்கிய பின்னர் பயன்படக்கூடிய எளிய அளவுகோல் ஒன்றும் உண்டு. 3 நிமிடம் 36 விநாடியில் முடியும் பந்தயம் சீரான வேகத்தில் ஓடப்பட்டால், 800 மீட்டர் தூரம் ஏறக்குறைய 1 நிமிடம் 55 விநாடியில் கடக்கப்படும். 3 நிமிடம் 45 விநாடிப் பந்தயத்தில் அது 2 நிமிடமாக இருக்கும். 800 மீட்டரை 1 நிமிடம் 55 விநாடிக்கு அருகில் கடந்தால், 5000 மீட்டர் ஓடிப் பழகிய தாக்குப்பிடிக்கும் திறனுள்ளவர்களுக்கு அது சாதகமாகும். 2 நிமிடத்தைத் தாண்டினால், 800 மீட்டரில் வேகம் காட்டக்கூடியவர்களுக்கே வாய்ப்பு அதிகம். அப்போது கடைசிச் சுற்று 50 முதல் 53 விநாடிகளுக்குள் ஓடப்படுவது வழக்கம். மணி ஒலிக்கும்போது முதல் நான்கைந்து இடங்களுக்குள், வெளிப்புறம் திறந்திருக்கும் நிலையில் ஓடுபவர் சிறந்த நிலையில் இருக்கிறார் என்று கொள்ளலாம்.

மற்றொரு காரணியும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். பல்கலைக்கழகத்தின் மொத்தப் புள்ளிகளுக்காகச் சில மாணவர்கள் இரண்டு ஓட்டங்களில் பங்கேற்குமாறு பணிக்கப்படுகின்றனர். 2025ஆம் ஆண்டு ஆடவர் அணிப் பட்டத்தை டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் தலா 41 புள்ளிகளுடன் பகிர்ந்துகொண்டன. ஏதேனும் ஒரு போட்டியில் ஓர் இடம் முன்னேறியிருந்தாலும் பட்டம் ஒரு பல்கலைக்கழகத்துக்கே கிட்டியிருக்கும். இத்தகைய நெருக்கடியில், களைத்த கால்களோடு இறுதிக் கோட்டுக்கு வருபவரைப் பட்டியலில் உள்ள நேரத்தை வைத்து மதிப்பிடுவது பொருந்தாது.

முறியாத சாதனையும் ஓர் அரசியல் வரலாறும்

இந்த இறுதிப் போட்டியின் சாதனை நேரம் 1981இல் நிகழ்த்தப்பட்ட 3 நிமிடம் 35.30 விநாடி. ஹாக்கர் 2021இல் நூற்றில் ஐந்து விநாடி வித்தியாசத்தில் அதைத் தவறவிட்டார். 2025 வரையிலான போட்டிகளில் அது முறியடிக்கப்படவில்லை. புதிய வகை ஓட்டக் காலணிகளால் பதிவு நேரங்கள் பெருமளவு குறைந்துள்ள காலத்திலும் அது நிலைத்திருப்பது, இறுதிப் போட்டிகள் எவ்வளவு தந்திரமாக ஓடப்படுகின்றன என்பதற்குச் சான்றாகும்.

அந்தச் சாதனைக்குரியவர் சிட்னி மரீ. வில்லனோவா பல்கலைக்கழகத்தில் பயின்ற கறுப்பினத் தென்னாப்பிரிக்கர். நிறவெறி ஆட்சிக்கு எதிராக விதிக்கப்பட்ட விளையாட்டுத் தடைகள், அந்த ஆட்சியால் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த அவரையும் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தன. அமெரிக்கக் கல்லூரி ஓடுதளமே அவருக்குத் திறந்திருந்த களமாயிற்று. 1983 ஆகஸ்டில் அவர் 1500 மீட்டர் உலக சாதனையை முறியடித்தார். ஒரு வாரத்தில் பிரிட்டனின் ஸ்டீவ் ஓவெட் அதை மீட்டுக்கொண்டார். 1984இல் மரீ அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

தாயகத்தில் வாய்ப்புக் கிடைக்காத திறமைசாலிகளுக்குக் கல்வியோடு விளையாட்டையும் வழங்கிய அமைப்பாக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் விளங்கி வந்துள்ளன. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயின்ற கென்யாவின் ஹென்றி ரோனோ 1978இல் 81 நாட்களில் நான்கு உலக சாதனைகளை நிகழ்த்தினார். தமிழர்களுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் இலங்கைக்குத் தங்கம் வென்றவர். அவர் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தில்லியில் பிறந்த தமிழரான தேஜஸ்வின் சங்கர், கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக 2018இலும் 2022இலும் உயரம் தாண்டுதலில் கல்லூரிப் பட்டம் வென்றார். நடுத்தர தூர ஓட்டத்தில், ஹரியானாவைச் சேர்ந்த பர்வேஜ் கான் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காக 1500 மீட்டர் ஓடியவர்.

பணமும் இடமும்

இந்த அமைப்பின் அடித்தளத்தையே மாற்றக்கூடிய தீர்ப்பு ஒன்று 2025 ஜூன் 6ஆம் திகதி வெளியானது. முன்னாள் கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்திருந்த ஹவுஸ் வழக்கில் எட்டப்பட்ட சமரச உடன்பாட்டுக்கு, கலிஃபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். கடந்த கால இழப்பீடாகச் சுமார் 280 கோடி டாலர் வழங்கப்படுவதோடு, பல்கலைக்கழகங்கள் தமது வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கவும் வழி பிறந்தது. 2025-26 கல்வியாண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர்.

விளையாட்டு வீரர்களின் உழைப்பில் கிடைத்த வருமானத்தை அவர்களோடு பகிர்வது நியாயமே என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி, வருமானம் ஈட்டித் தரும் அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்குமே செல்லும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தடகளம் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செலவினமாகவே இருந்து வருகிறது.

உடன்பாட்டின் மற்றொரு அம்சம் தடகளத்தை நேரடியாகப் பாதிக்கிறது. முன்னர் ஆடவர் தடகள அணிக்கு 12.6 முழு உதவித்தொகைகளும், மகளிர் அணிக்கு 18 உதவித்தொகைகளும் வழங்கலாம் என்ற வரம்பு இருந்தது. அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு அத்தகைய கட்டுப்பாடு இருக்கவில்லை. உடன்பாட்டில் இணைந்த பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை வரம்பு நீக்கப்பட்டு, அணிக்கு 45 பேர் என்ற எண்ணிக்கை வரம்பு கொண்டுவரப்பட்டுள்ளது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் அனைத்துக்கும் சேர்த்தே இந்த 45 இடங்கள்.

இதனால் முதலில் பாதிக்கப்படுபவர், உதவித்தொகை இன்றித் தாமாக அணியில் சேர்ந்து பயிற்சி பெறும் மாணவர். நடுத்தர தூர ஓட்டத்தில் திறமை தாமதமாக மலர்வது இயல்பு. 18 வயதில் சாதாரணமாக ஓடிய ஒருவர் 22 வயதில் நாட்டின் தலைசிறந்தவராகிவிடலாம். 2024இல் கல்லூரி 800 மீட்டர் பட்டத்தை வென்ற ஷேன் கோஹன் இதற்குப் பொருத்தமான உதாரணம். அவர் இரண்டாம் பிரிவைச் சேர்ந்த டாம்பா பல்கலைக்கழகத்தில் ஓடிக்கொண்டிருந்து, பின்னர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு மாறியவர். இறுதிப் போட்டியிலும் அவர் பின்வரிசையில் ஓடி, கடைசிக் கட்டத்தில் அனைவரையும் முந்தி 1 நிமிடம் 44.97 விநாடியில் வென்றார். பள்ளிப் பருவத்தில் அவரை எதிர்கால வெற்றிவீரராகக் கணித்துத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடிய முதற்பிரிவுப் பயிற்சியாளர்கள் எத்தனை பேர்?

இங்குதான் கணிப்பு என்பது பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. இடங்கள் குறையும்போது, பதினேழு வயது மாணவரைப் பார்த்து நான்காண்டுகளுக்குப் பிந்தைய நிலையைப் பயிற்சியாளர்கள் கணிக்க வேண்டியுள்ளது. இரண்டு நாட்களுக்கு முன்னர் அரையிறுதியில் ஓடியவரைப் பற்றியே சரியாகச் சொல்ல இயலாத துறையில், இந்த நீண்டகாலக் கணிப்புகள் எத்தனை பேரைத் தவறாக வெளியே நிறுத்தும் என்ற கவலை நியாயமானதே. இந்நிலையில், வேறிடங்களில் ஏற்கெனவே தம்மை நிரூபித்தவர்களையும், வயதில் மூத்த வெளிநாட்டு ஓட்டக்காரர்களையும் சேர்த்துக்கொள்வது பயிற்சியாளர்களுக்குப் பாதுகாப்பான வழியாகத் தோன்றுகிறது.

வெளிநாட்டு மாணவர்களின் நிலையும் முழுமையாகச் சாதகமானதன்று. மாணவர் விசாவில் உள்ள பணிக் கட்டுப்பாடுகள் காரணமாக, தமது பெயரையும் புகழையும் கொண்டு வருமானம் ஈட்டும் உரிமையை அமெரிக்கச் சக மாணவர்களைப் போல் அவர்கள் பயன்படுத்த முடிவதில்லை. 2025 மே இறுதியில் மாணவர் விசா நேர்காணல்களுக்கான புதிய நேர ஒதுக்கீடு நிறுத்திவைக்கப்பட்டு, ஜூனில் சமூக ஊடகக் கணக்குகளை ஆராயும் விதிகளோடு மீண்டும் தொடங்கியது. ஒரு பருவத்துக்காகத் திட்டமிடும் மாணவருக்கும் அவரது குடும்பத்துக்கும் இத்தகைய நிச்சயமின்மை பெரும் சுமையாகும். பிள்ளைகளை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்ப எண்ணும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

கணிப்பும் சூதாட்டமும்

கணிப்புகளுக்குப் பின்னால் பணம் புகும்போது வேறொரு ஆபத்தும் தோன்றுகிறது. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், விளையாட்டுப் பந்தயச் சூதாட்டத்தை மாநிலங்கள் அனுமதிப்பதற்குத் தடையாக இருந்த சட்டத்தை ரத்துச் செய்தது. அதன் பின்னர் பல மாநிலங்களில் அது சட்டபூர்வமாகியுள்ளது. கல்லூரி வீரர் ஒருவரின் தனிப்பட்ட செயல்பாட்டின் மீது பந்தயம் கட்டுவதைத் தடைசெய்ய வேண்டும் என்று என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர் வலியுறுத்தி வந்துள்ளார்.

தடகளத்தில் புழங்கும் சூதாட்டப் பணம், கால்பந்தோடும் கூடைப்பந்தோடும் ஒப்பிட்டால் மிகக் குறைவு. எனினும் நடுத்தர தூர ஓட்டம் தனிநபர் போட்டியாகும். தோல்விக்கான பொறுப்பைப் பகிர்ந்துகொள்ள அணித் தோழர்கள் இல்லை. கணிப்பு பொய்த்ததற்காக ஒரு மாணவரை நேரடியாகக் குற்றஞ்சாட்டும் போக்கு இங்கும் பரவாதிருக்க, முன்னெச்சரிக்கை தேவை.

எதிர்வரும் போட்டிகள்

எதிர்வரும் இறுதிப் போட்டிகளைக் கவனிக்க விரும்புபவர்கள் நான்கு விடயங்களைப் பார்க்கலாம். ஒரே பல்கலைக்கழகத்திலிருந்து எத்தனை பேர் இறுதிக்கு வந்துள்ளனர், அரையிறுதியில் யார் கடைசி 200 மீட்டரைச் சிரமமின்றி ஓடினார், யார் வேறு ஓட்டத்திலும் பங்கேற்கிறார், முதல் 800 மீட்டர் எந்த வேகத்தில் கடக்கப்படுகிறது என்பனவே அவை. இவற்றைக் கொண்டு வெல்லக்கூடிய மூன்று அல்லது நான்கு பேரை ஓரளவு உறுதியாகக் குறிப்பிடலாம். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது ஊகம் மட்டுமே.

பாரிஸில் ஓடுவதற்கு முன்னர், நார்வேயின் யாக்கோப் இங்கெபிரிக்ட்சன் அல்லது பிரிட்டனின் ஜோஷ் கெர் வெல்வார் என்றே பரவலாகப் பேசப்பட்டது. இங்கெபிரிக்ட்சன் முன்னைய ஒலிம்பிக் வெற்றிவீரர், கெர் அப்போதைய உலக வெற்றிவீரர். 2023 உலகப் போட்டியில் ஏழாவதாக வந்த ஹாக்கர், கடைசி நேரத்தில் உள்விளிம்பில் கிடைத்த இடைவெளியில் நுழைந்து 3 நிமிடம் 27.65 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு வென்றார். முன்னால் ஓடிய இங்கெபிரிக்ட்சன் நான்காமிடத்துக்குத் தள்ளப்பட்டார். கல்லூரி இறுதிப் போட்டிகளில் ஹாக்கர் கற்றுக்கொண்ட பாடமே அங்கு பயன்பட்டது என்று கூறினால் அது மிகையாகாது.

அத்தகைய பாடத்தைக் கற்பதற்கு முதலில் அந்த அணியில் ஓர் இடம் வேண்டும். 45 பேருக்குள் அடங்கும் புதிய அணிகளில் அந்த இடம் எத்தகைய மாணவர்களுக்குக் கிடைக்கிறது என்பது அடுத்த சில பருவங்களில் தெரியவரும். அதுவரை, ஜூன் மாதப் பந்தயத்தின் முடிவோடு, அதன் தொடக்கக் கோட்டில் நிற்பவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் அவதானித்து வருவது பயனுள்ளதாகும்.